சில்தெ மொழியும் நம் அரபுத்தமிழும்

கணியம்பாடியிலிருந்து தெற்கே நோக்கினால் ஜவ்வாது மலைத்தொடர் தெரியும். அம்மலைமீது வாழும் பழங்குடி மக்களை அரசாங்கப் பட்டியல் ‘மலையாளி’ என்று குறிக்கிறது. இப்பெயரை முதன்முறையாகக் கேட்கும் வெளியூரார், அவர்கள் கேரளத்திலிருந்து வந்தவர்கள் போலும், பேசுவது மலையாளம் போலும் என்று எண்ணிக்கொள்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. மலையில் வாழ்வோர் என்ற பொருளில் எழுந்த பெயர் ஒரு மொழியின் பெயரோடு ஒத்துப்போனதால் விளைந்த மயக்கம் இது. மலைக்கு ஒருமுறை போய்வந்தால் தெளிந்துவிடும்.

நம் சமூகத்தின் எழுத்து மரபைப் பற்றி நம் அறிஞர் சிலரிடையே நிலவும் மயக்கம் அவ்வளவு எளிதில் தெளிவதாக இல்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதும் மரபை நம் முன்னோர் அரபுத்தமிழ் என்றனர். அண்மைக் காலத்தில் அதற்கு ‘அர்வி’ என்ற பெயர் பெரிதும் வழங்குகிறது. பெயர் மாற்றத்தோடு ஒரு கருத்தும் கூடவே வந்து அமர்ந்துவிட்டது. அர்வி தமிழின்று வேறான ஒரு தனி மொழி. அரபும் தமிழும் கலந்து பிறந்த மூன்றாவது மொழி என்பதே அக்கருத்து. மேடைகளில் இதனினும் ஒரு படி மேலே போய், அது அரபுக் குடும்பத்தைச் சேர்ந்த செமித்திய மொழி என்று கூறுவோரையும் நாம் கேட்டிருக்கிறோம்.

இக்கருத்துக்கு அறிவுலக மதிப்பைப் பெற்றுத் தந்தது 1993இல் சென்னையில் வெளியான தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்களின் ஆங்கிலப் பெருநூல். ஸரந்தீபிலும் தமிழகத்திலும் வளர்ந்த அரபு, அர்வி, பாரசீகக் கல்வியை அந்நூல் ஆராய்கிறது. கீழக்கரை அரூஸிய்யா மரபில் வந்த ஆசிரியர், வேறு எவராலும் திரட்டியிருக்க முடியாத செய்திகளை அதில் திரட்டித் தந்திருக்கிறார். எத்தனையோ ஆலிம்களின் பெயர்களும் நூற்பெயர்களும் அந்நூல் இல்லையேல் மறைந்தே போயிருக்கும். அதற்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆயினும் அர்வியை அந்நூல் அரபுக்கும் பாரசீகத்துக்கும் நிகராக ஒரு மொழியின் இருக்கையில் அமர்த்துவதை நம்மால் ஏற்க இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதைச் சொல்லச் சற்றுத் தொலைவு போக வேண்டியிருக்கிறது. ஹபஷா என்று நம் கிதாபுகள் கூறும் எத்தியோப்பியாவில் சில்தெ என்றொரு மொழி உண்டு. அதனைப் பேசும் மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். செமித்திய மொழி ஒன்றைத் தாய்மொழியாகக் கொண்ட அந்த மக்களை அருகில் வைத்துப் பார்த்தால் நம் நிலை தெளிவாகிறது.

எத்தியோப்பியத் தலைநகர் அட்டிஸ் அபாபாவுக்குத் தெற்கே வொராபே என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டது சில்தெ மண்டலம். 2007ஆம் ஆண்டு எத்தியோப்பியக் குடிக்கணக்கின்படி சில்தெ மக்கள் 9 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். பதினாறாம் நூற்றாண்டில் இமாம் அஹ்மதின் காலத்தில் கிழக்கே ஹரார் நகரத்துப் பக்கமிருந்து வந்த ஹாஜி அலியெ என்பவரோடு தம் முன்னோரை இணைத்துப் பேசுவது அவர்கள் மரபு. மரபுக் கதையை வரலாறாக அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மொழியியலும் ஏறக்குறைய அதே திசையைத்தான் காட்டுகிறது. சில்தெக்கு நெருங்கிய உறவு மொழிகள் வொலானெ, ஸாய் ஆகிய இரண்டும், தொலைவில் ஹரார் மதில்களுக்குள் பேசப்படும் ஹராரியுமே ஆகும். ராபர்ட் ஹெட்ஸ்ரான் 1972இல் வெளியிட்ட எத்தியோப்பியச் செமித்திய மொழிப் பாகுபாட்டில் இவை ஒரே கிளையில் அமைந்தன.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில்தெ செமித்திய மொழியானது அதனைப் பேசுவோர் இஸ்லாத்தைத் தழுவியதால் அன்று. அது அரபிலிருந்து பிறந்ததும் அன்று. ரசூலுல்லாஹ்வின் தோழர்கள் கி.பி. 615ஆம் ஆண்டளவில் கடல் கடந்து நஜாஷி மன்னரிடம் அடைக்கலம் புகுந்தபோது, அந்நாட்டில் கீஉஸ் என்னும் செமித்திய மொழி கல்வெட்டிலும் கிறித்தவ வேதத்திலும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. இஸ்லாம் வருமுன்பே அங்கே செமித்திய மொழிகள் இருந்தன. கொடுக்கல் வாங்கலும் இருதிசையிலும் நடந்தது. இமாம் சுயூத்தி தம் அல்-இத்கானில் குர்ஆனில் வரும் பிறமொழிச் சொற்களைப் பேசும் இடத்தில், ‘மிஷ்காத்’ ஹபஷா மொழிச் சொல் என்ற கூற்றைப் பதிவு செய்கிறார். நாம் கையில் ஏந்தும் ‘முஸ்ஹஃப்’ என்னும் பெயரே ஹபஷாவில் கண்டு எடுத்துக்கொண்ட பெயர் என்ற அறிவிப்பும் அந்நூலில் உண்டு. நூல் என்பதற்குக் கீஉஸ் மொழியில் ‘மஸ்ஹஃப்’ என்பதே சொல். அக்காலத்து ஆலிம்கள் இவ்வாறு எழுதுவதைத் தம் மார்க்கத்துக்குக் குறைவாகக் கருதவில்லை.

ஆக, அரபும் சில்தெயும் தாயும் மகளும் போன்றவை அல்ல. ஒரு பாட்டியின் பேத்திகள் போன்றவை. அரபில் நான்கு ‘அர்பஅ’, ஐந்து ‘கம்ஸ’, ஏழு ‘ஸப்அ’, பத்து ‘அஷ்ர’. எத்தியோப்பியாவின் பெருமொழியான அம்ஹாரிக்கில் இவையே ‘அராத்’, ‘அம்மிஸ்த்’, ‘ஸபாத்’, ‘அஸ்ஸிர்’ என்று ஒலிக்கும். சில்தெயின் எண்ணுப்பெயர்களும் இவற்றை ஒட்டியவையே. இவை அரபிடம் கடன் வாங்கியவை அல்ல. பழம் பூர்விகச் சொத்து. வேர் எழுத்துகளுக்கிடையே உயிர்களை மாற்றி வினையை ஆக்கும் முறையும் அப்படியே வழிவழி வந்தது. மார்க்கத்தோடு சேர்ந்து பின்னாளில் வந்த அரபுச் சொற்கள் சில்தெயில் தனியே இருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டாலும் சில்தெ செமித்திய மொழியாகவே நிற்கும்.

இதன் மறுபக்கம் தமிழ் வாசகருக்கு இன்னும் வியப்பைத் தரும். எத்தியோப்பியச் செமித்திய மொழிகளில் ஏழு உயிர்கள் என்பதே வழக்கம். சில்தெயிலோ ஐந்து குறிலும் அவற்றுக்கு இணையான ஐந்து நெடிலுமாகப் பத்து உயிர்கள். அ, இ, உ, எ, ஒ என்னும் நம் குறில் ஐந்தும் அவற்றின் நெடில்களும்தாம் அவை! அண்டை அயலில் பேசப்படும் ஹதிய்யா முதலிய குஷித்திய மொழிகளோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்ததால் இவ்வமைப்பு வந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர். வாக்கிய அமைப்பும் அவ்வாறே. அரபில் வினை முன்னே வரும். சில்தெயில் எழுவாய், செயப்படுபொருள் எல்லாம் வந்த பின்னர் இறுதியில் வினை வரும், தமிழில் போலவே. உயிரெழுத்துக் கணக்கையும் சொல் வரிசையையும் மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் சில்தெயைத் தமிழின் தங்கை என்று எவரேனும் ஒரு மாநாட்டில் நிறுவிவிட முடியும். நம்மவரிடையே இத்தகைய நிறுவல்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் இதைச் சற்று அச்சத்தோடுதான் எழுதுகிறோம்.

ஒலியமைப்பு அயலாரிடமிருந்து வரலாம். வாக்கிய வரிசை வரலாம். சொற்கள் கூடை கூடையாக வரலாம். எழுத்தோ இவை எல்லாவற்றையும்விட எளிதாகக் கைமாறும். மொழியின் உறவைக் காட்டுவது இவற்றின் அடியில் கிடக்கும் பூர்விகப் பகுதி. நான், நீ என்னும் இடப்பெயர்களும், ஒன்று இரண்டு என்னும் எண்களும், வேற்றுமை உருபுகளும், வினையின் காலமும் இடமும் காட்டும் விகுதிகளும் அப்பகுதியைச் சேர்ந்தவை.

இந்த உரைகல்லில் அரபுத்தமிழை உரைத்துப் பார்ப்போம். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று அன்போடு அழைக்கப்பட்ட இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற ஒரு ஃபிக்ஹு நூலை எடுத்துக்கொள்வோம். அரபுச் சொற்கள் அதில் அடர்ந்திருக்கும். சட்ட நூல் அப்படித்தான் இருக்கும். அச்சொற்கள் வாக்கியத்துக்குள் எவ்வாறு நுழைகின்றன என்பதுதான் கேள்வி. நாம் ‘நிய்யத்து வைத்தான்’ என்கிறோம். ‘தவ்பா செய்தாள்’ என்கிறோம். ‘வக்து ஆகிவிட்டது’, ‘துஆ கபூலாகும்’ என்கிறோம். அரபுச் சொல் பெயராக வந்து நிற்க, வை, செய், ஆகு என்னும் தமிழ் வினைகள் அதைத் தோளில் சுமந்து செல்கின்றன. அரபு வினைமுற்று ஒன்று அரபு விகுதியோடு வந்து தமிழ் வாக்கியத்தின் வினையாக இயங்குவதில்லை.

பன்மையைப் பாருங்கள். ‘உலமா’ என்பது அரபில் ஏற்கெனவே பன்மை. நாமோ ‘உலமாக்கள்’ என்கிறோம். ‘ஸஹாபா’வும் பன்மை; ‘ஸஹாபாக்கள்’ என்கிறோம். ‘அவ்லியா’ பன்மை, ‘அவ்லியாக்கள்’ என்கிறோம். அரபின் பன்மை உருவம் நம் நாவுக்குப் பன்மையாகப் படவில்லை. எனவே தமிழின் ‘கள்’ வந்து சேர்ந்தால்தான் மனம் அமைகிறது. ‘நபிமார்கள்’, ‘மலக்குமார்கள்’ என்பவற்றில் ‘மார்’ விகுதியும் கூடிக்கொள்கிறது. இலக்கணம் எதனுடையது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? இதற்கும் மேலாக, மார்க்கத்தின் மையச் சொற்களிலேயே தமிழ் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஸலாத்தைத் தொழுகை என்கிறோம், ஸவ்மை நோன்பு என்கிறோம், ஈதைப் பெருநாள் என்கிறோம், மஸ்ஜிதைப் பள்ளி என்கிறோம், குர்ஆனை ஓதுகிறோம். இச்சொற்கள் அரபு எழுத்தில் எழுதப்பட்டபோதும் தமிழாகவே இருந்தன.

பெயரே இதற்குச் சான்று. தெலுங்கரும் கன்னடியரும் தமிழை ‘அரவம்’ என்று அழைத்து வந்தனர். தமிழுக்கு அயலார் இட்ட இப்பெயரைக் கால்டுவெல் உள்ளிட்டோர் ஆராய்ந்திருக்கின்றனர். ‘அர்வி’ என்பது அதன் திரிபு என்று கொள்வதே இயல்பானது. அவ்வாறாயின் அச்சொல்லின் பொருள் தமிழ் என்பதே! ஓசையில் அது ‘அரபி’யை நினைவூட்டுவதால், அரபின் உறவை அப்பெயரிலேயே நம்மவர் கேட்டுவிடுகின்றனர். ஜவ்வாது மலையாளிகளின் பெயரில் வெளியூரார் கேரளத்தைக் கேட்பது போன்றதுதான் இது.

சில்தெ மக்களுக்கும் பெயரால் ஒரு தொல்லை இருந்தது. அவர்கள் நெடுங்காலம் ‘குராகே’ என்ற பொதுப் பெயருக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். குராகே என்பது ஒரு நிலப்பகுதியின் பெயர். அதனுள் ஒன்றுக்கொன்று புரியாத பல மொழிகள் அடங்கும். ஆய்வு நூல்களிலும் சில்தெ ‘கிழக்குக் குராகே’ என்றே வழங்கிற்று. 1997இல் ஈவா குட், ஹுசைன் முஹம்மது ஆகியோர் தொகுத்த சில்தெ–அம்ஹாரிக்–ஆங்கில அகராதியை அட்டிஸ் அபாபா பல்கலைக்கழகம் வெளியிட்டது. 2001இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில், தாம் குராகே அல்லர், தனி இனத்தவர் என்று சில்தெ மக்கள் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தனர். தனி மண்டலம் உருவாயிற்று. 2023இல் அம்மண்டலம் புதிதாக அமைந்த மத்திய எத்தியோப்பிய மாநிலத்தின் பகுதியாயிற்று.

இங்கே நம் கருத்தை மறுப்போர் ஒரு நல்ல வினாவை எழுப்பக்கூடும். ஒரு மக்கள் கூட்டம் வாக்களித்துத் தன் மொழியைத் தனி மொழி என்று நிலைநாட்டிக்கொள்ள முடியுமானால், தமிழ் முஸ்லிம்கள் அர்வியை அவ்வாறு நிலைநாட்டினால் என்ன குறை? மொழியியலார் யார் அதைத் தடுக்க? வினா நியாயமானதே. ஆனால் சில்தெ மக்கள் வாக்குச்சாவடிக்குப் போகுமுன்பே அந்த வேறுபாடு அவர்கள் வாயில் இருந்தது. சில்தெ பேசும் தாய் தன் குழந்தையிடம் பேசுவதை மேற்குக் குராகேயின் சாஹா மொழிக்காரர் புரிந்துகொள்ள மாட்டார். வாக்கெடுப்பு உள்ளதற்குப் பெயர் சூட்டியது. நம்மிடையே எந்தத் தாய் தன் குழந்தையை அர்வியில் தாலாட்டியிருக்கிறாள்? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பாடிய தாலாட்டு தமிழ்த் தாலாட்டு. அதை ஏட்டில் எழுதியவர் அரபு எழுத்தில் எழுதினார், அவ்வளவே.

மதம் வேறாவதால் மொழி வேறாவதில்லை என்பதற்கும் அதே நாட்டில் சான்று உண்டு. ஸ்வாய் ஏரியின் தீவுகளில் வாழ்ந்து வந்த ஸாய் மக்கள் கிறித்தவர்கள். அவர்களுடைய மொழியும் முஸ்லிம்களாகிய சில்தெயரின் மொழியும் உடன்பிறப்புகள். சில்தெயின் எழுத்தும் நம்மவர் சிலருக்கு வியப்பாக இருக்கும். முற்காலத்தில் அங்கும் ஆலிம்கள் அரபு எழுத்தைத் தாய்மொழிக்குப் பயன்படுத்தினர். ஹராரில் இம்மரபு இன்னும் வளமாக இருந்தது. ‘கிதாபுல் ஃபராயிள்’ என்னும் பழைய ஹராரி நூல் அரபு எழுத்தில் அமைந்ததே. ஆயினும் இன்று சில்தெ பள்ளிக்கூடத்தில் எழுதப்படுவது எத்தியோப்பிய எழுத்தில். திருச்சபையின் வேத மொழியாகிய கீஉஸுக்கென உருவான எழுத்து அது. அந்த எழுத்தைக் கையாளும் சில்தெயர் முஸ்லிம்களாகவே இருக்கின்றனர். அவர்களுடைய மொழியும் சில்தெயாகவே இருக்கிறது.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எத்தியோப்பிய எழுத்து நம் உயிர்மெய் போன்றது. ஒவ்வொரு மெய்யும் உயிருக்கு ஏற்ப உருமாறி ஏழு வரிசைகளில் நிற்கும். ஏழு வரிசையில் பத்து உயிர்களை எழுதுவது எப்படி? ஒரே வடிவத்துக்கு இரு ஒலிகளை ஏற்றியும் வேறு உபாயங்கள் செய்தும் சமாளிக்க வேண்டியதாயிற்று. இதைப் படித்தபோது நம் கீழக்கரை ஆலிம்களின் நினைவே நமக்கு வந்தது. அரபு எழுத்தில் அ, இ, உ என்னும் மூன்று உயிர்களுக்கும் அவற்றின் நெடில்களுக்குமே இடம் உண்டு. எகரத்துக்கும் ஒகரத்துக்கும் அவர்கள் புதிய குறிகளை அமைத்தனர். ட, ண, ள, ழ, ப முதலிய ஒலிகளுக்கு இருக்கும் அரபு எழுத்துகளிலேயே புள்ளியையோ வளையத்தையோ சேர்த்துப் புது எழுத்துகளைப் படைத்தனர். இரவல் எழுத்தைத் தம் தாய்மொழியின் அளவுக்கு வெட்டித் தைத்த தையற்காரர்கள் அவர்கள். தாய்மொழி தமிழாக இல்லாவிடில் ழகரத்துக்கு ஓர் எழுத்தைப் படைக்கும் தேவை ஏன் வந்தது?

அரபுத்தமிழைத் தமிழ் என்று கூறுவதால் நாம் எதனையும் இழப்பதில்லை. தனி மொழி என்று கூறுவதால்தான் இழந்து வருகிறோம். தமிழ் இலக்கிய வரலாறு எழுதியோர் உமறுப்புலவரை ஒரு பத்தியில் வணங்கிவிட்டு அப்பால் செல்வர். சீறாப்புராணம் தமிழ் எழுத்தில் இருந்ததால் அந்த ஒரு பத்தியேனும் கிடைத்தது. 1572இல் அரங்கேறியதாகக் கூறப்படும் ஆயிர மசலாவுக்கும் அவ்வாறே. அரபுத்தமிழ் உரைநடைக்கோ அந்த ஒரு பத்தியும் இல்லை. ம.மு. உவைஸ் போன்றோர் இக்குறையைப் போக்க வாழ்நாளையே செலவிட்டனர். அவர்களுடைய உழைப்பின் அடிப்படையே இது தமிழிலக்கியம் என்பதுதான். இப்போது நாமே எழுந்து, ‘இது உங்கள் மொழி அன்று, எங்களுடைய தனி மொழி’ என்று சொன்னால், தமிழ்த்துறைகள் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொள்ளும். அரபுத்துறைகளோ இதை அரபு என்று ஏற்கப் போவதில்லை. நடுத்தெருவில் நிற்பது கிதாபுகள்தாம்.

அண்டை மாநிலத்தில் இம்மயக்கம் இந்த அளவுக்கு வளரவில்லை. கோழிக்கோட்டுக் காழி முஹம்மது 1607இல் இயற்றிய முஹ்யித்தீன் மாலை அரபு–மலையாளத்தில் அமைந்தது. மலையாள இலக்கிய வரலாற்றில் அதற்குரிய இடம் இன்று பேசப்படுகிறது. இன்னும் தொலைவில், தென்னாப்பிரிக்காவில் நடந்தது இதைவிடப் படிப்பினை தருவது. உஸ்மானியர் கேப் நகருக்கு அனுப்பிய அபூபக்ர் எஃபெந்தி என்னும் ஆலிம், அங்குள்ள முஸ்லிம்களின் பேச்சுமொழியில் ‘பயானுத்தீன்’ என்னும் சட்ட நூலை அரபு எழுத்தில் எழுதினார். அது 1877இல் இஸ்தான்பூலில் அச்சாயிற்று. அம்மொழி டச்சு வழிவந்த ஆஃப்ரிகான்ஸ். அரபு–ஆஃப்ரிகான்ஸ் ஒரு தனி மொழி என்று அம்முஸ்லிம்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. எனவே ஆஃப்ரிகான்ஸின் தொடக்ககால வரலாற்றை எழுதுவோர் அந்நூலைத் தவிர்க்க முடிவதில்லை. உயிர்க்குறிகளோடு எழுதப்பட்டதால் அன்றைய உச்சரிப்புக்கே அது ஆவணமாயிற்று.

நம் கிதாபுகளும் அத்தகைய ஆவணங்கள்தாம். தமிழ் எழுத்து ‘பல்’லுக்கும் ‘தம்பி’க்கும் ஒரே பகரத்தைத்தான் தரும். அரபு எழுத்தில் எழுதுபவர் இரண்டு ஒலிகளுக்கும் வேறு எழுத்துகளை வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தேர்வுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழின் நாவு பதிவாகியிருக்கக்கூடும். எழுத்து மரபு வேறு, உச்சரிப்பு வேறு என்னும் எச்சரிக்கையோடு இவற்றைப் படிக்கத் தமிழ் மொழியியலாளர் வர வேண்டும். வேற்று மொழி என்று பலகை தொங்கவிட்ட வீட்டுக்குள் அவர்கள் எப்படி வருவர்?

வட ஆற்காட்டுக்காரர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட ஓர் உறுத்தலும் உண்டு. அரபுத்தமிழின் தாயகம் காயலும் கீழக்கரையும் இலங்கையும். நம் பக்கத்தில் உருதின் செல்வாக்கு மிகுதி. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருதையே வீட்டுமொழியாகக் கொண்ட லெப்பைக் குடும்பங்கள் எத்தனையோ. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதிவந்த ஆலிம்கள் தமிழகமெங்கும் பள்ளிகளில் இமாமத் செய்கின்றனர். அவர்களுக்கு அரபும் தெரியும், உருதும் தெரியும். ஆனால் அரபுத்தமிழ்க் கிதாபைக் கொடுத்தால், ‘இது அந்தக் காலத்து அர்வி, நமக்குப் பழக்கமில்லை’ என்று பணிவோடு திருப்பித் தந்தவர் உண்டு. அரபு எழுத்தில் ஆயுள் முழுதும் ஊறியவர். வீட்டில் பேசுவது தமிழ். எந்தத் திறவுகோல் அவரிடம் இல்லை? ‘அர்வி’ என்ற பெயர் பூட்டாக நின்றது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் இல்லத்திலும் ஓர் அச்சுக் கிதாபு இருக்கிறது. தென்கோடியிலிருந்து இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நம் பாட்டியார் கொண்டுவந்தது. முன்பக்கங்கள் போய்விட்டதால் பெயரும் ஆண்டும் தெரியவில்லை. தண்ணீரின் வகைகளும் ஒளூவின் பர்ளுகளும் கூறும் சட்ட நூல். பாட்டியாருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. குர்ஆன் ஓதக் கற்றவர் ஆதலால் இந்த எழுத்துத் தெரியும். அக்காலத்துப் பெண்கள் பலர் நிலை அதுதான். அரபுத்தமிழ் நூல்களில் பல அவர்களை எண்ணியே எழுதப்பட்டன. தமிழ் எழுத்தறிவு எட்டாத பெண்களுக்குத் தமிழ் நூலறிவைத் தந்த எழுத்து இது. கல்வி வரலாறு எழுதுவோர் இதனைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. எழுத்தறிவற்றோர் பட்டியலில் பாட்டியாரை எழுதிவிட்டுப் போயிருப்பர்.

அண்மையில் அக்கிதாபை நம் பெயர்த்தியின் முன் விரித்து வைத்தோம். வயது பத்து. மாலையில் மக்தபுக்குச் செல்கிறாள். பகலில் தமிழ்வழிப் பள்ளி. ‘இது என்ன பாஷை தாதா?’ என்றாள். நாம் விடை சொல்லவில்லை. புள்ளியும் வளையமும் கூடிய எழுத்துகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, எதிரே தமிழ் எழுத்தை எழுதிக் கொடுத்தோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலான நேரம் அதற்குப் போதுமாயிருந்தது. மறுநாள் ஒரு வரியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். முதலில் ஒன்றும் புரியாதவள் போல் விழித்தாள். இரண்டாம் முறை சற்று விரைவாக வாசித்தபோது முகம் மாறியது. ‘தாதா, இது தமிழ்தானே! முகத்தைக் கழுவுகிறது என்று போட்டிருக்கிறது!’

ஆய்வேடுகள் எழுப்பும் விவாதத்துக்கு ஒரு சிறுமியின் வியப்பு விடையாகாது என்பதை அறிவோம். ஆனால் தெரியாத ஒரு மொழியை எவரும் இரண்டு நாளில் எழுத்துக் கூட்டி வாசித்துப் பொருளும் அறிந்துவிட முடியாது. சில்தெ அகராதியைக் கையில் கொடுத்து, எத்தியோப்பிய எழுத்து முழுவதையும் கற்பித்து, அதன் பத்து உயிரும் நம் பத்து உயிரே என்றும் சொல்லிக்கொடுத்தாலும், அவளால் ஒரு வரியை வாசிக்க முடியுமே தவிரப் புரிந்துகொள்ள முடியாது.

நம் வட்டாரத்து மக்தபுகளை நடத்துவோரிடம் இதைப் பற்றிப் பேசி வருகிறோம். குர்ஆன் முடித்த பிள்ளைகளுக்கு ஒரு மாத காலம், வாரத்தில் இரண்டு நாள், மிகையெழுத்துகளைக் கற்பித்து ஏதேனும் ஒரு கிதாபில் பத்துப் பக்கம் வாசிக்கச் செய்யலாம். இதற்குப் புதிய ஆசிரியர் வேண்டாம். ஓதிக்கொடுக்கும் உஸ்தாதே போதும். ‘அர்வி வகுப்பு’ என்று பெயர் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், ‘பாட்டிமார் கிதாபு’ என்று வையுங்கள் என்றோம். சிரித்தார், இன்னும் முடிவு சொல்லவில்லை. பெயர்த்தி இதற்கிடையே தயம்மும் பாடத்துக்கு வந்துவிட்டாள். ழகரம் வரும்போது மட்டும் தாளைப் புரட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.